ஐந்தரைச் சங்கும் என் முதல் கோலும்

முன்வரிசைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் நேற்று பயிற்சி முடிந்ததும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டீர்கள். "அக்கா, கோலே விழலீன்னா என்ன பண்றதுங்க?" தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று விரட்டிவிட்டேன். வாயால் சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எழுதிப் போட்டால் வாட்ஸ்அப் குழுவிலாவது கிடக்கும்.

எப்படி ஓடுவது, எந்தக் காலால் உதைப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதற்கு உங்களுக்குக் கோச் இருக்கிறார், வீடியோ இருக்கிறது, குளிக்கும்போதுகூடக் கழற்றாத அந்தக் கடிகாரம் இருக்கிறது. நான் சொல்லப்போவது என் முதல் சீசனின் கதை. முழங்கால் போய் விளையாட்டை விட்டுவிட்டு, இப்போது கோட்டுக்கு வெளியே நின்று உங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிற இந்த அக்காவை நம் கிளப் அன்று எதற்குச் சம்பளம் கொடுத்து எடுத்தது? கோல் போடுவதற்கு. கோலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அழகாகச் செய்தேன்.

அதற்கு முன்னால் நான் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். உங்களில் ஒருத்திக்கு மட்டும் கம்பெனி பழக்கம், மற்ற இருவருக்காகச் சொல்கிறேன். தைத்த பீஸ் மேசைக்கு வரும். விரிக்க வேண்டும், முன்பக்கம் பார்க்க வேண்டும், திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும், உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் அந்த இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, திருத்தத்துக்குப் போகிற ஆல்டர் பெட்டியில் போட வேண்டும். சுத்தமாக இருந்தால்தான் கையை விட்டு அனுப்ப வேண்டும். காலையில் நின்றால் ஐந்தரைக்குச் சங்கு ஊதும்வரை இதே வேலைதான். நான் கெட்டிக்காரச் செக்கர். என் கையைத் தாண்டிப் போன பீஸில் குறை கண்டுபிடிக்க இன்னொருத்தி பிறந்து வர வேண்டும் என்று எங்கள் சூப்பர்வைசர் அண்ணனே சொல்லுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனி டீமில் ஆடினேன். அங்கே கோல் மழையாகப் பொழிந்தது. எதிர் டீமில் நிற்பவர்களும் வாரம் முழுக்க நின்று கால் கடுத்துப்போனவர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நம் கிளப்பிலிருந்து ஒருவர் பார்த்துவிட்டு, ஒரு சீசனுக்கு மட்டும் ஒப்பந்தம் போடலாம் என்று கூப்பிட்டார். வீட்டில் அம்மாவுக்குப் பயம். நிலையான வேலையை விட்டுவிட்டுப் பந்துக்குப் பின்னால் ஓடுகிறேன் என்று ஒரு பெண் சொன்னால் எந்த அம்மா பயப்பட மாட்டாள்? சூப்பர்வைசர் அண்ணன்தான் அதைத் தீர்த்துவைத்தார்.

"போய் வெளையாடிட்டு வா கண்ணு. உன்ற எடத்துல ஆள் போடமாட்டேன். எப்ப வேணாலும் திரும்பி வரலாம்" என்றார். அம்மா அதைக் கேட்டுத்தான் சமாதானமானார். நானும்தான். ஒரு சீசன் பார்ப்போம், இல்லாவிட்டால் மேசை இருக்கிறது என்று தைரியமாகக் கிளம்பினேன். அந்தத் தைரியத்தை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

முதல் ஹோம் மேட்ச். வீரபாண்டி கிரவுண்டு உங்களுக்குத் தெரியும், அதன் காம்பவுண்டை ஒட்டி இருக்கிற பனியன் கம்பெனியும் தெரியும். வெயில் தாழட்டும் என்று நாலு மணிக்கு ஆட்டத்தை வைத்திருந்தார்கள். எதிரணி சென்னையிலிருந்து வந்திருந்தது. இரண்டாம் பாதி நடந்துகொண்டிருக்கிறது, யாருக்கும் கோல் இல்லை. அவர்களுடைய கோல்கீப்பர் பந்தைத் தட்டிவிட்டுக் கீழே விழுந்து கிடக்கிறாள். பந்து உருண்டு என் காலுக்கு வருகிறது. எதிரே வெறும் வலை. என் அம்மாவைப் பெற்ற அம்மாயி நின்றிருந்தால்கூடச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைத் தள்ளிவிட்டிருப்பார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கம்பெனியில் ஐந்தரைச் சங்கு ஊதியது.

நான் நின்றுவிட்டேன். யோசித்து நிற்கவில்லை, உடம்பு நின்றுவிட்டது. இத்தனை வருடமாக அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துப் பழகிய உடம்பு. என்னை மட்டும் சொல்லாதீர்கள், எங்கள் டீமில் பாதிப் பேர் கம்பெனியிலிருந்து வந்தவர்கள்தான். நடுவில் ஆடியவள் இடுப்பில் கையை வைத்து நெட்டி முறித்தாள். ரைட் பேக்கில் ஆடியவள் ஜெர்சியில் ஒட்டாத பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். சென்னைப் பெண்கள் ஒரு விநாடி ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி மரியாதையாக என் காலடியில் இருந்த பந்தை எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பக்கம் போய்க் கோல் போட்டுவிட்டார்கள்.

எங்கள் கோச் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். கத்துவார் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அவருக்குக் கத்தவும் தெரியவில்லை, சிரிக்கவும் தெரியவில்லை, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கடைசியில், "மக்களே, விசில் ஊதினா நில்லுங்க, சங்கு ஊதினா ஓடுங்க. ரெண்டும் ஒண்ணில்ல, கேட்டியளா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே அந்தச் சங்கைப் போனில் பதிவு செய்து கொண்டுவந்துவிட்டார் மனிதர். பயிற்சி நடக்கும்போது எப்போது வேண்டுமானாலும் ஸ்பீக்கரில் அலறவிடுவார். நின்றவர்களுக்குத் தண்டால். கொஞ்ச நாளில் அந்தச் சத்தம் கேட்டாலே எங்களுக்குக் கூடுதல் வேகம் வந்தது. ஊரே எங்களைக் கேலி செய்தது, நாங்களும் சேர்ந்து சிரித்தோம். சிரிக்கிற மாதிரியான தப்பு என்றால் பயமில்லை, அது வெளியே தெரிந்துவிடும், திருத்திவிடலாம். எனக்கு இருந்த இன்னொரு தப்பு வெளியே தெரியவில்லை.

அடுத்தடுத்த ஆட்டங்களில் எனக்குப் பந்து வந்துகொண்டே இருந்தது. வராமல் இல்லை. பாக்ஸுக்குள் வரும், காலில் வாங்கி நிறுத்துவேன், அதற்குள் யாராவது ஒருத்தியின் கால் எங்கிருந்தோ வந்து முளைக்கும். எல்லோரும் ராசி சரியில்லை என்றார்கள். அம்மா சிவன்மலை முருகனுக்கு நேர்ந்துகொண்டார். டீக்கடையில் இருப்பவர்கள் என்னைக் கண்டால், "ஏனுங்க அம்முணி, இந்த வாரமாச்சு ஏதாச்சு உண்டுங்களா?" என்று மிக மரியாதையாகக் கேட்பார்கள். நம் ஊர் மரியாதை இருக்கிறதே, அதற்குப் பதில் அடியே வாங்கிவிடலாம்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நான் சூப்பர்வைசர் அண்ணனுக்குப் போன் செய்வேன். கோல் இல்லையா கண்ணு என்று கேட்பார். இல்லீங்கண்ணா என்பேன். "செரி உடு. உன்ற எடம் அப்படியே இருக்குது" என்பார். எனக்கு மூச்சு வரும். செக்கிங் மேசையும் அதன் மேலே தொங்குகிற டியூப்லைட்டும் கண்ணுக்குள் வந்து போகும். நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. கோல் போட வேண்டியவளுக்கு நிம்மதி எதற்கு?

பிறகு மதுரைக்குப் போனோம். அங்கே எதிரணியில் நடு டிஃபெண்டராக நின்றவள் சுமதி. ஊத்துக்குளிக்காரி. என் மேசைக்கு எதிர் மேசையில் என்னோடு செக்கிங்கில் நின்றவள்தான், எனக்கு ஒரு வருடம் முந்தியே மதுரை கிளப்புக்குப் போய்விட்டாள். ஊத்துக்குளி வெண்ணெய் தின்று வளர்ந்த உடம்பு என்று கம்பெனியில் கேலி செய்வோம், அன்றைக்கு அந்த உடம்பு எனக்கும் கோல் கம்பத்துக்கும் நடுவில் நின்றது. அன்று அவள் என் காலிலிருந்து பந்தை எடுத்த விதம் இருக்கிறதே, வம்பில்லை, தள்ளுமுள்ளு இல்லை. கொடுத்து வைத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வது போல வந்து எடுத்துக்கொண்டு போனாள். கோபத்தில் எனக்கு அழுகை வந்தது.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றோம். எப்படிடீ உனக்கு மட்டும் முன்னாலேயே தெரிகிறது என்று கேட்டேன். அவள் பழத்தோலை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"உன்னையத் தெரியாதா புள்ள எனக்கு? பந்த வாங்குவ. முன்னாடி பாப்ப. திருப்புவ. பின்னாடி பாப்ப. எல்லாஞ் செரியா இருந்தாத்தான் காலை உட்டு அனுப்புவ. நீ திருப்பற வரைக்கும் சும்மா நிப்பேன், அப்பறம் வந்து எடுத்துக்குவேன்."

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. நான் கிரவுண்டில் இத்தனை நாளாகச் செக்கிங் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். நல்ல பந்தா, நல்ல கோணமா, கால் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, திருப்பி, மறுபடி பார்த்து. அவள் சொன்னதை எதிரணிகள் எல்லாமே வீடியோவில் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தன. எங்கள் பக்கத்தில்தான் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் கோச் அதைப் பொறுமை என்று நினைத்துப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

வியாதி இன்னதென்று தெரிந்தால் மட்டும் தீர்ந்துவிடுமா? பார்க்காமல் உதைக்க முயன்றேன். பந்து காம்பவுண்டைத் தாண்டிக் கம்பெனிக்குள் போய் விழுந்தது, அதை எடுக்க வாட்ச்மேனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். மறுபடி கால் முளைத்தது. அதற்குள் சீசன் முடியப்போகிறது. கிளப் மேனேஜர் ஒரு நாள் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, மோர் கொடுத்துப் பேசினார். மோர் கொடுத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசி ஹோம் மேட்ச் மதுரையோடு. அது முடிந்ததும் அடுத்த சீசனுக்கு யார் யார் என்று முடிவு செய்வார்கள். முன்வரிசைக்கு மணிப்பூரிலிருந்து ஒரு பெண்ணைப் பேசி வைத்திருக்கிறார்கள். கோல் இல்லாத ஃபார்வர்டை வைத்துக்கொள்ள முடியாது என்று தன்மையாகச் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. திரும்பிப் போக மேசை இருக்கிறது, ஆனால் எனக்குத் திரும்பிப் போகப் பிடிக்கவில்லை. மனசாரப் பிடிக்கவில்லை. புல் வாசனையும், காலையில் பூட்ஸ் கயிற்றை இறுக்கும்போது வயிற்றுக்குள் வருகிற அந்தக் குறுகுறுப்பும் எனக்கு வேண்டும் போல இருந்தது. அதை யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்ததால் ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன்.

அவள் எங்கள் இடது ஓரத்தில் ஆடியவள். ஜார்க்கண்டுக்காரி, என் வயதுதான். பெயரைப் போட்டால் போன் செய்து சண்டை பிடிப்பாள், அதனால் நாங்கள் கூப்பிட்டபடி லெஃப்ட் என்றே சொல்கிறேன். ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்க வந்தவள், அங்கிருந்து கிளப்புக்கு வந்தாள். தமிழைத் தையல் லைனிலேயே கற்றுக்கொண்டதால் அவளுக்கு 'ங்க' போடாமல் பேசத் தெரியாது. தெருநாயைக்கூட "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவாள். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை என்னோடு வாங்க என்றாள்.

நல்லூரில் அவளுக்குத் தெரிந்த ஒரு சின்ன யூனிட். நாலைந்து மிஷின் இருக்கும், ஞாயிறு என்பதால் ஆள் இல்லை. என்னை ஓவர்லாக் மிஷினில் உட்கார வைத்து இரண்டு துண்டுத் துணியைக் கையில் கொடுத்தாள். இத்தனை வருடம் கம்பெனியில் இருந்திருக்கிறேன், ஆயிரம் தையலில் குறை சொல்லியிருக்கிறேன், ஒரு தையல் போட்டதில்லை. மிதித்தேன். ஒரு விரற்கடை ஓடியதும் நிறுத்தி, தைத்த இடத்தைத் திருப்பிப் பார்த்தேன். மறுபடி மிதித்தேன். மறுபடி நிறுத்திப் பார்த்தேன். துணி சுருண்டது, நூல் அறுந்தது, ஓரம் பல் இல்லாத வாய் மாதிரி ஆகிவிட்டது. லெஃப்ட் கீழே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் அந்தத் துணியைப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். என் மேசைக்கு அந்தப் பீஸ் வந்திருந்தால் ஒட்ட ஸ்டிக்கர் பத்தாது.

பிறகு அவள் உட்கார்ந்து தைத்துக் காட்டினாள். ஒரே ஓட்டம். தைத்த பக்கம் அவள் கண் போகவே இல்லை. ஊசிக்கு முன்னால், இன்னும் தைக்காத ஓரத்தின் மேலேயே கண் இருந்தது. முடித்துத் துணியை என்னிடம் வீசினாள்.

"நானும் பாக்கறேனுங்க. ஊசிக்கு முன்னாடி பாக்கறேன். நீங்க ஊசிக்குப் பின்னாடி பாக்கறீங்க" என்றாள். "தைக்கற ஆள் தைக்கணுமுங்க. தெச்சதப் பாக்கறதுக்கு வேற ஆள் இருக்குதுங்க. கிரவுண்டுல அதுக்குத்தான் ரெஃப்ரி."

எழுத்தில் பார்க்கும்போது சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? நீங்கள் இரண்டு கோடு கிழித்து அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கக் கூடாது என்று நான் தப்பாக நினைத்திருந்தேன். பார்க்க வேண்டும், பந்து வருவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். கோல்கீப்பர் எங்கே, டிஃபெண்டர் எங்கே, இடைவெளி எங்கே என்று பந்து லெஃப்டின் காலில் இருக்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். என் காலுக்கு வந்த பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது. அது நல்லதாகப் போனதா கெட்டதாகப் போனதா என்பது வேறு ஒருவருடைய வேலை.

மீதமிருந்த நாட்களில் லெஃப்ட் எனக்குப் பந்து போட்டுக்கொண்டே இருந்தாள். நான் நிறுத்தினால் "செக்கிங், செக்கிங்" என்று கத்துவாள். பாதி வெளியே போனது. போகட்டும் என்று விட்டேன்.

மதுரை வந்தது. சுமதி என்னைக் கட்டிப்பிடித்து, வீட்டில் எல்லோரும் சுகமா என்று விசாரித்துவிட்டு, பிறகு என் பக்கத்தில் வந்து நிழல் மாதிரி நின்றுகொண்டாள். முதல் பாதியில் நான் பழைய ஆளாகத்தான் இருந்தேன். ஒரு முறை வாங்கித் திருப்பினேன், எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மேனேஜர் நாற்காலியில் மோர்ப் பாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தது என் கண்ணில் பட்டது. இடைவேளையில் கோச் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. மேசையும் டியூப்லைட்டும் கண்ணுக்குள் வந்தன. இந்த முறை அவை நிம்மதியைத் தரவில்லை, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினேன்.

இரண்டாம் பாதியில் லெஃப்டுக்கு இடது ஓரத்தில் பந்து கிடைத்தது. அவள் ஓட ஆரம்பித்ததும் நான் பார்த்தேன். ஊசிக்கு முன்னால் பார்த்தேன். கோல்கீப்பர் லெஃப்டின் பக்கம் சாய்ந்திருக்கிறாள். தூரத்துக் கம்பத்தின் அருகே இடம் இருக்கிறது. சுமதி எனக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறாள். நான் வாங்கித் திருப்பட்டும் என்று காத்திருக்கிறாள். அவ்வளவுதான், பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. லெஃப்ட் தாழ்வாக உதைத்தாள். பந்து வந்துகொண்டிருக்கும்போதே ஊதியது.

ஐந்தரைச் சங்கு.

எங்கள் டீமில் ஒருத்தியும் நிற்கவில்லை. கோச் ஸ்பீக்கர் வைத்துச் செய்த வேலை அது. ஆனால் சுமதி மதுரைக்குப் போய் இத்தனை நாள் ஆகியும், அந்தச் சங்குப் பழக்கத்தை அவள் உடம்பிலிருந்து யாரும் எடுக்கவில்லை. எத்தனையோ வருடம் எனக்கு எதிர் மேசையில் அந்தச் சத்தத்துக்குக் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தவள் அல்லவா? என் ஓரக்கண்ணில் அவள் தோள் இறங்குவது தெரிந்தது. அரை மூச்சு நேரம் இருக்கும்.

நான் நிறுத்தவில்லை, திருப்பவில்லை. வந்த பந்தை வந்தபடியே அடித்தேன். அடித்தேன் என்று சொல்வதுகூட மிகை. அது என் பாதத்தில் படவே இல்லை, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் பட்டு, கோணலாக எழும்பி, கம்பத்தில் முட்டி, உள்ளே போவதா வேண்டாமா என்று யோசித்து, உருண்டு உள்ளே போனது. அதைவிட அசிங்கமான கோலை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? கையைத் தூக்கவில்லை, ஓடவில்லை. பழக்க தோஷம், திரும்பி ரெஃப்ரியைப் பார்த்தேன். பாஸா, ஆல்டரா? அவர் நடு வட்டத்தைக் காட்டி விசிலை ஊதினார். பாஸ். அதற்குள் லெஃப்ட் என் முதுகில் ஏறிவிட்டாள். "தெச்சுட்டீங்க, தெச்சுட்டீங்க" என்று என் காதுக்குள் கத்தினாள். சரியாக அதே நேரத்தில் பக்கத்துக் கம்பெனி கேட் திறந்தது. ஷிப்டு முடிந்து வந்தவர்கள் என்ன சத்தம் என்று டிபன் பையோடு வேலிக்கு ஓடி வந்தார்கள், கோல் என்று கேட்டதும் யார் போட்டது எப்படிப் போட்டது என்று தெரியாமலே கத்தினார்கள். தமிழ், இந்தி, ஒடியா எல்லாம் கலந்து ஒரு கூச்சல். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருடம் கழித்தும் தெரியவில்லை. தரையில் கால் இருந்ததா என்றே ஞாபகம் இல்லை.

மிச்ச நேரம் முழுக்க சுமதி என்னைப் பந்தைத் தொடக்கூட விடவில்லை. ஆனால் அந்த ஒரு கோல் போதுமானதாக இருந்தது, ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"அந்தச் சங்கு மட்டும் ஊதலீன்னா உன்னைய உட்டிருப்பனா புள்ள?"

"உனக்கு மட்டுமா ஊதுச்சு? எனக்குந்தான் ஊதுச்சு."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு, அதென்னவோ நெசந்தான் என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அடுத்த சீசன் அவள் பங்குக்கு என்னைப் படுத்திய பாடு தனிக் கதை. பந்து வரும்முன் நான் பார்க்கிற பார்வையை அவள் படிக்க ஆரம்பித்தாள், நான் பார்வையை ஒளிக்கக் கற்றுக்கொண்டேன். உங்களுக்கும் அப்படி ஒரு டிஃபெண்டர் அமைய வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

உடை மாற்றுகிற அறைக்கு மேனேஜர் வந்தார். அந்தக் கோல் கொஞ்சம் கோணலாக இருந்ததே என்றார். ஆமாங்க என்றேன். அடுத்த சீசனில் நேராகப் போட்டுப் பழகு என்று சொல்லிவிட்டு என் கையில் ஒரு மோர்ப் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். லெஃப்ட்தான் பிடுங்கிக் குடித்தாள்.

வெளியே வந்து சூப்பர்வைசர் அண்ணனுக்குப் போன் செய்தேன். போனில் நேரலை பார்த்திருக்கிறார், தையல் லைனே கூடி நின்று பார்த்ததாம். பேசி முடித்து, அடுத்த சீசனும் இங்கேதான் என்று சொன்னேன். பிறகு தயங்கித் தயங்கி, எனக்காக இத்தனை நாள் அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தீர்களே, இனி ஆள் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணா என்றேன். மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"நீ போன அடுத்த திங்கக்கெழமையே ஆள் போட்டாச்சு கண்ணு. உனக்கோசரம் ஷிப்மென்ட்டு நிக்குமா? நீ பயப்படக் கூடாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்."

நான் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சீசன் முழுக்க நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மேசைக்குப் பின்னால் இன்னொருத்தி நின்று வேலை செய்துகொண்டிருந்திருக்கிறாள். லெஃப்ட் ஓடி வந்து என்ன ஆச்சுங்க என்று பதறினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. போனில் அண்ணன் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் புதுப் பெண் என்னைவிட நல்ல செக்கராம்.